பழியை ஏமாந்தவர் தலையில் கட்டாதீர்கள்

"படிச்ச மனுஷன் எப்படி ஏமாந்தார்?" "ஓடிபியை எதுக்குச் சொல்லணும்?" "எல்லாம் பேராசை, வேறென்ன?" இணைய மோசடியில் யாராவது பணத்தைப் பறிகொடுத்த செய்தி வந்தால் டீக்கடையிலும் அலுவலகத்திலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இந்த மூன்றில் ஒன்று உடனே வந்து விழுகிறது. வங்கிகளும் காவல்துறையும் ரிசர்வ் வங்கி விளம்பரங்களும் இதையே மரியாதையான மொழியில் சொல்கின்றன: விழிப்போடு இருங்கள், ஏமாற மாட்டீர்கள். அப்படியானால் ஏமாந்தது உங்கள் தவறு என்ற முடிவை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பணத்தை இழந்தவரின் காதில் அதுதான் விழுகிறது.

இந்தக் கருத்தை முழுமையாக மறுக்கவே இதை எழுதுகிறேன். ஏமாந்தவரின் அறிவைக் குறைசொல்லும் பேச்சு உண்மைக்குப் புறம்பானது. அதைவிட மோசம், மோசடியைத் தடுக்கும் சக்தி யார் கையில் இருக்கிறதோ அவர்களை அது கேள்வியே கேட்காமல் விட்டுவிடுகிறது. வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் சமூக ஊடக நிறுவனங்களும் சேர்ந்து செய்ய வேண்டிய காவல் வேலையை, ஓய்வூதியத்தில் வாழும் எழுபது வயதுக்காரர் கைபேசியை வைத்துக்கொண்டு தனியாகச் செய்து முடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இணைய மோசடிகளில் இந்தியர்கள் இழந்ததாகப் பதிவான தொகை 2023ல் 7,465 கோடி ரூபாய். 2024ல் அது 22,845 கோடி. உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு இது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. அந்த ஓராண்டில் நம் மக்களின் புத்தி மூன்றில் ஒன்றாகக் குறைந்துபோனதா? பேராசை மும்மடங்கு பெருகிவிட்டதா? மனிதர்கள் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. வளர்ந்தது மோசடித் தொழில். அதற்கு வேண்டிய வங்கிக் கணக்குகளும் சிம் கார்டுகளும் விளம்பர இடமும் தாராளமாகக் கிடைத்தன. நோய் இங்கே இருக்க, மருந்தை ஏமாந்தவரின் வாயில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

புத்திசாலிகள் ஏமாறுவதில்லையா?

2013 முதல் 2015 வரை கூகுளும் ஃபேஸ்புக்கும் ஒரே ஆளிடம் ஏமாந்தன. லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமாசாஸ்காஸ், அந்த இரு நிறுவனங்களுக்கும் கணினிச் சாதனங்கள் தரும் தைவானின் குவாண்டா நிறுவனத்தின் பெயரில் லாட்வியாவில் வேறொரு நிறுவனத்தைப் பதிவு செய்தார். போலி பில்களை மின்னஞ்சலில் அனுப்பினார். 10 கோடி டாலருக்கும் மேலான பணம் அவர் சொன்ன கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 2019ல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. உலகின் மிகத் திறமையான பொறியாளர்களை வைத்திருக்கும் இரு நிறுவனங்களின் கணக்குப் பிரிவு ஏமாந்திருக்கிறது. அவர்களைப் பார்த்து "படிக்காத ஜனங்க" என்று யாரும் சொல்லவில்லை.

டிராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியரை எடுத்துக்கொள்வோம். உங்கள் மின்னஞ்சல் முகவரி எந்தத் தகவல் கசிவில் சிக்கியிருக்கிறது என்று சொல்லும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' இணையதளத்தை உருவாக்கியவர். இணையப் பாதுகாப்பில் உலகமே அவர் பேச்சைக் கேட்கிறது. 2025 மார்ச்சில், நீண்ட விமானப் பயணத்தின் அசதியில் இருந்தபோது வந்த போலி மின்னஞ்சலை நம்பி, செய்திமடல் அனுப்பப் பயன்படுத்தும் தன் மெயில்சிம்ப் கணக்கின் கடவுச்சொல்லையும் ஒருமுறைக் குறியீட்டையும் போலிப் பக்கத்தில் அவரே தட்டச்சு செய்தார். சில நிமிடங்களில் அவரது வாசகர்களில் சுமார் 16,000 பேரின் முகவரிகள் திருடுபோயின. வாழ்நாள் முழுக்க இதையே கற்றுக்கொடுத்தவருக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று சொல்ல முடியுமா? அவருக்கு அன்று போதாமல் இருந்தது தூக்கம்.

நம் நாட்டில் 2024 ஆகஸ்டில் வர்த்மான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் 7 கோடி ரூபாயை இழந்தார். பெரிய ஜவுளி நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவர், பத்ம பூஷண் விருது பெற்றவர். சிபிஐ அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் அவரை வீடியோ அழைப்பிலேயே இரண்டு நாள் அடைத்து வைத்தார்கள். தலைமை நீதிபதி போல ஒருவரை நடிக்க வைத்து உச்ச நீதிமன்ற விசாரணையையே நடத்திக் காட்டினார்கள். காணொளியில் நீதிமன்றமா, இதைக்கூட நம்புவாரா என்று கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 2020லிருந்து நம் உச்ச நீதிமன்றம் காணொளியில் வழக்குகளை விசாரித்து வருகிறது. அவர் நம்பியது நடக்கக்கூடிய ஒன்றைத்தான். காவல்துறை 5 கோடிக்கு மேல் மீட்டுத் தந்தது. பெயரும் செல்வாக்கும் இல்லாதவர்களுக்கு அந்த வேகம் கிடைப்பது அரிது.

அந்த அழைப்பில் நடப்பது என்ன?

'டிஜிட்டல் கைது' என்று செய்தித்தாள்கள் எழுதும் மோசடியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். முதலில் பதிவு செய்த குரல் வருகிறது: உங்கள் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், விவரம் அறிய 9ஐ அழுத்தவும். அழுத்தினால் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து பேசுவதாக ஒருவர் வருகிறார். உங்கள் ஆதாரைக் காட்டி மும்பையில் சிம் வாங்கியிருக்கிறார்கள், அதன்மேல் பல புகார்கள், நான் அங்குள்ள காவல் நிலையத்துக்கே இணைப்புத் தருகிறேன் என்கிறார். வீடியோவில் சீருடை அணிந்தவர் தெரிகிறார். பின்னால் மேசை, கொடி, வாக்கி டாக்கிச் சத்தம். ஆதாரின் கடைசி நான்கு எண்கள், வீட்டு முகவரி, எந்த வங்கியில் கணக்கு என்பதையெல்லாம் நீங்கள் சொல்லத் தேவையில்லை, அவரே வாசிக்கிறார். அந்த விவரங்கள் எங்கிருந்தோ கசிந்து, விலைக்கு வாங்கப்பட்டவை. கசியவிட்டவர் யாரோ.

அடுத்து குரல் கனிகிறது. "உங்களைப் பார்த்தால் நல்ல குடும்பத்து ஆள் மாதிரி இருக்கிறது சார். நான் உதவி செய்கிறேன். ஆனால் ரகசிய விசாரணை. பையனிடம் சொன்னால் அவர் பெயரும் வழக்கில் வந்துவிடும்." கேமராவை அணைக்கக் கூடாது. கழிவறைக்குப் போனாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கடைசியில், உங்கள் பணம் நியாயமான பணம்தானா என்று ரிசர்வ் வங்கி சரிபார்க்க வேண்டும், இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள், இரண்டு நாளில் திரும்பிவிடும் என்கிறார்கள்.

இதில் பேராசை எங்கே இருக்கிறது? அந்த மனிதர் எதையும் சம்பாதிக்க முயலவில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, விசாரணைக்கு ஒத்துழைத்து, தன் பிள்ளையை வம்பிலிருந்து காப்பாற்றப் பார்க்கிறார். காக்கிச் சட்டையைக் கண்டால் கைகட்டி நிற்கும்படி தலைமுறை தலைமுறையாகப் பழக்கிவிட்டு, ஒருநாள் மட்டும் அந்தக் காக்கியை ஏன் சந்தேகப்படவில்லை என்று கேட்பது அநியாயம். மோசடிக்காரர்கள் முதலீடாக வைத்திருப்பது அரசின்மேல் நமக்குள்ள பயத்தை. அந்தப் பயத்தை உண்டாக்கியதில் அரசுக்குப் பங்கு உண்டு.

எதிர்முனையில் இருப்பது யார் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். மியான்மரின் மியாவடி, கம்போடியாவின் சிஹானூக்வில் போன்ற இடங்களில் வேலிபோட்ட வளாகங்களில் இது ஷிப்ட் முறையில் நடக்கும் தொழில். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023ல் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் கட்டாயத்தின் பேரில் இந்த மோசடி வேலையில் வைக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய் மியாவடியில் சிக்கிய தமிழக இளைஞர்கள் 2022ல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். எழுதி வைத்த வசனம், பயிற்சி, இலக்கு, இலக்கை எட்டாதவருக்கு அடி. இப்படி நடத்தப்படும் தொழிற்சாலைக்கு எதிராக ஒற்றை மனிதரை நிறுத்திவிட்டு, அவர் தோற்றதும் நாம் கைகொட்டுகிறோம்.

"பேராசை" என்ற குற்றச்சாட்டு

சரி, பங்குச்சந்தை மோசடிகளில் சிக்குகிறவர்கள் பேராசைக்காரர்கள்தானே என்று கேட்கலாம். வைப்புநிதி வட்டி விலைவாசிக்கு ஈடுகொடுக்காத நாளில், தொலைக்காட்சியும் செயலிகளும் "முதலீடு செய்யுங்கள், காலம் தாழ்த்தாதீர்கள்" என்று ஓயாமல் சொல்லும் நாளில், சேமிப்பைப் பெருக்க நினைப்பது குற்றமா? அவருக்கு அந்த விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டியது யார்? பிரபலமானவர் முகத்தைப் போலியாக ஒட்டிய விளம்பரம் ஃபேஸ்புக்கில் வருகிறது. தட்டினால் வாட்ஸ்அப் குழு. குழுவில் லாபம் பார்த்ததாகச் சொல்லும் நூறு பேரும் அவர்களுடைய ஆட்கள். முதலில் போட்ட சிறு தொகைக்கு லாபத்தை உண்மையாகவே கணக்கில் போடுகிறார்கள். எடுத்துப் பார்த்தால் வருகிறது. அதற்குமேல் சாமானியர் எதைச் சோதித்துப் பார்ப்பார்?

2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியை இங்கே நினைவூட்ட வேண்டும். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வருமானத்தில் சுமார் 10 சதவீதம், அதாவது 1,600 கோடி டாலர், மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்களே கணித்திருந்தன. மோசடி என்று 95 சதவீதம் உறுதியானால்தான் விளம்பரதாரரைத் தடை செய்வார்கள். அதற்குக் கீழே சந்தேகம் இருந்தால் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு விளம்பரத்தை ஓட்டுவார்கள் என்றும் அந்த ஆவணங்கள் காட்டின. அந்தக் கணிப்பு தோராயமானது, மிகையானது என்று மெட்டா பதில் சொன்னது. மிகை என்றே வைத்துக்கொள்வோம். பாதியைக் கழித்தாலும் மிஞ்சுவது எவ்வளவு பெரிய தொகை! இந்த வணிகத்தில் பேராசை யாருடையது என்பதை நேர்மையாகச் சொல்லுங்கள்.

ஓடிபி பாடம்

"ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்பது விழிப்புணர்வுப் பாடத்தின் முதல் வரி. ஆனால் நம் அன்றாடம் எப்படி இருக்கிறது? சிலிண்டர் கொண்டுவருபவருக்குக் குறியீட்டைச் சொன்னால்தான் சிலிண்டர் இறங்கும். கூரியர் தம்பிக்கு ஓடிபி சொன்னால்தான் பார்சல் கைக்கு வரும். வாடகைக் காரில் ஏறினால் ஓட்டுநரிடம் ஓடிபி சொல்ல வேண்டும். இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு மனுப் போட்டால் "ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்கிறார்கள். ஒரு நாளில் நான்கு பேரிடம் சொல்லப் பழக்கிவிட்டு, ஐந்தாவது ஆளிடம் சொன்னதற்கு முட்டாள் என்கிறோம்.

வங்கிகளின் லட்சணமும் இதுதான். கேஒய்சி புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று மோசடிக்காரர் அனுப்பும் செய்தி ஏன் நம்பும்படி இருக்கிறது? உண்மையான வங்கி அதே மிரட்டலை அதே தொனியில் அனுப்புகிறது, சொன்னபடி முடக்கவும் செய்கிறது. கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வங்கியின் பெயரில் அழைப்பு வருகிறது. அதுவும் உண்மையான வங்கிதான். வங்கிகளின் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தே வர வேண்டும், வங்கிகளின் இணைய முகவரி '.பேங்க்.இன்' என்று முடிய வேண்டும் என்றெல்லாம் 2025ல்தான் ரிசர்வ் வங்கி வழி செய்தது. அசல் எது, போலி எது என்று கண்டுபிடிக்க அடையாளமே தராமல், இத்தனை ஆண்டுகளாக அந்தத் தேர்வில் வாடிக்கையாளர் தவறியதற்கு அவரையே தண்டித்துக்கொண்டிருந்தோம்.

பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ மருத்துவ அமைப்பில் 19,500க்கும் அதிகமான ஊழியர்களை வைத்து 8 மாதங்கள் ஆய்வு செய்தார்கள். போலி மின்னஞ்சலில் விழுந்தவர்களுக்கு அங்கேயே பாடம் நடத்தினார்கள். பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட 1.7 சதவீதம் மட்டுமே குறைவாக ஏமாந்தார்கள். கூகுள் வேறு வழியில் போனது. 2017ல் தன் ஊழியர்கள் எல்லோருக்கும் கணினியில் செருகும் பாதுகாப்புச் சாவியைக் கொடுத்தது. அந்தச் சாவி போலிப் பக்கத்தில் வேலை செய்யாது. ஊழியர் ஏமாந்தாலும் திருடனுக்கு எதுவும் கிடைக்காது. அதன்பின் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களில் ஒருவரது கணக்குகூட இந்த வகையில் பறிபோகவில்லை என்று 2018ல் அறிவித்தது. ஊழியர்களின் மூளையை மாற்ற முயலாமல் பூட்டை மாற்றினார்கள்.

நம் யுபிஐ கதையிலும் இதே பாடம் இருக்கிறது. "பணம் வாங்க பின் நம்பர் போடத் தேவையில்லை" என்று ஆண்டுக்கணக்கில் கரடியாகக் கத்தினார்கள். பழைய சோபாவை விற்க விளம்பரம் கொடுத்தவர்கள், பணம் அனுப்புவதாகச் சொல்லி வந்த கோரிக்கைக்குப் பின் நம்பரைப் போட்டு இழந்துகொண்டே இருந்தார்கள். தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கோரும் அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப்பட்டுவாடா நிறுவனம் நிறுத்திவிட்டது. ஒரு சுற்றறிக்கையில் அந்த மோசடிக்கான வாசல் அடைபட்டது. வாசல் திறந்திருந்த காலமெல்லாம் அதில் விழுந்தவர்களை நாம் என்னவென்று திட்டினோம்?

பணம் போன பாதை

ஏமாந்தவர் அனுப்பிய பணம் காற்றில் கரைவதில்லை. இந்த நாட்டின் வங்கிச் சட்டத்துக்கு உட்பட்ட வங்கியில், யாரோ ஒருவர் பெயரில், ஆதாரும் பான் அட்டையும் சரிபார்த்துத் திறந்த கணக்கில் போய் விழுகிறது. அந்தக் கணக்கு வாடகைக்கு எடுத்தது. கல்லூரி மாணவருக்கோ கூலித் தொழிலாளிக்கோ சில ஆயிரங்கள் கொடுத்து, பாஸ்புக், ஏடிஎம் அட்டை, சிம் மூன்றையும் தரகர் வாங்கிக்கொள்கிறார். மாதம் பத்தாயிரம்கூடப் புரளாத அந்தக் கணக்கில் திடீரென்று 20 லட்சம் வருகிறது. சில நிமிடங்களில் பத்துக் கணக்குகளாகப் பிரிகிறது, அங்கிருந்து ஐம்பதாகிறது, பிறகு பணமாக எடுக்கப்படுகிறது, அல்லது கிரிப்டோவாகி நாட்டைவிட்டுப் போகிறது.

இதைப் பார்க்கும் இடத்தில் இருப்பவர் யார்? ஏமாந்தவரால் பார்க்க முடியாது. காவல்துறைக்குத் தெரியவரும்போது நேரம் கடந்திருக்கும். அந்த வங்கியின் கணினிக்கு மட்டுமே அந்த நொடியில் தெரியும். அந்தக் கணக்கின் இத்தனை ஆண்டு வரவு செலவும் அதனிடம் இருக்கிறது. வாடகைக் கணக்குகளைக் கண்டுபிடிக்க 'மியூல்ஹன்டர்' என்ற மென்பொருளை ரிசர்வ் வங்கியின் நிறுவனமே உருவாக்கியிருப்பதாக 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. 2025 டிசம்பர் 1 அன்று டிஜிட்டல் கைது வழக்குகளை சிபிஐயிடம் ஒப்படைத்த உச்ச நீதிமன்றம், இத்தகைய கணக்குகளைக் கண்டறியச் செயற்கை நுண்ணறிவை ஏன் பயன்படுத்தவில்லை என்று ரிசர்வ் வங்கியைக் கேட்டது. உடந்தையான வங்கி அதிகாரிகளையும் விசாரிக்கச் சொன்னது. நாட்டின் உச்ச நீதிமன்றமே வங்கியை நோக்கிக் கைநீட்டிய பிறகும் நம் பேச்சு ஏமாந்தவரிடமே நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் ஆர்டிஜிஎஸ் முறை 2004லும் நெஃப்ட் முறை 2005லும் வந்தன. பணம் அனுப்பும் முன் அந்தக் கணக்கு உண்மையில் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. இருபது ஆண்டுகளாக, பெறுபவரின் பெயரை எப்படி எழுதினாலும் கணக்கு எண் சரியாக இருந்தால் பணம் போய்விடும் என்ற நிலை. பிரிட்டனின் பெரிய வங்கிகளில் இந்தப் பெயர்ச் சரிபார்ப்பு 2020லேயே வந்துவிட்டது.

நட்டம் யாருக்கோ அவரே பூட்டுவார்

ஏன் இவ்வளவு தாமதம்? விடை பழைய கதையில் இருக்கிறது. 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் பிரிட்டனில் பலர், தாங்கள் எடுக்காத பணம் ஏடிஎம்மில் எடுக்கப்பட்டதாகப் புகார் செய்தார்கள். எங்கள் இயந்திரம் தவறு செய்யாது, நீங்களோ உங்கள் வீட்டில் யாரோ எடுத்திருப்பீர்கள் என்று வங்கிகள் திருப்பியடித்தன. அப்படிப் புகார் செய்த போலீஸ் கான்ஸ்டபிள் ஒருவரையே மோசடி முயற்சி என்று வழக்குப் போட்டு 1994ல் குற்றவாளி ஆக்கினார்கள். மேல்முறையீட்டில், அவர் தரப்பு நிபுணர் தன் கணினியைச் சோதிக்க, அவர் கணக்கு வைத்திருந்த நிதி நிறுவனம் மறுத்ததால் வழக்கு உடைந்து 1996ல் அவர் விடுதலையானார்.

பின்னாளில் கேம்பிரிட்ஜ் பேராசிரியரான ராஸ் ஆண்டர்சன் 1993ல் இந்த ஏடிஎம் மோசடிகளை ஆராய்ந்தார். பெரும்பாலானவை வங்கி ஊழியரின் திருட்டு, கவனக்குறைவான நடைமுறை போன்ற சாதாரணக் காரணங்களால் நடந்தவை என்று கண்டார். அமெரிக்காவில் சட்டம் வேறாக இருந்தது. வாடிக்கையாளர் மறுத்தால், அவர்தான் எடுத்தார் என்று நிரூபிக்கும் கடமை வங்கியுடையது. விளைவு, அமெரிக்க வங்கிகள் உண்மையில் பயன்தரும் பாதுகாப்பில் பணத்தைப் போட்டன. பழியை வாடிக்கையாளர்மேல் தள்ள முடிந்த பிரிட்டிஷ் வங்கிகள் அசட்டையாக இருந்தன, மோசடி பெருகியது. இரு நாட்டு மக்களின் அறிவிலும் வித்தியாசம் இல்லை. நட்டக் கணக்கு யார் ஏட்டில் எழுதப்பட்டது என்பதில்தான் வித்தியாசம்.

நம் நாட்டில் அந்த ஏடு எப்படி இருக்கிறது? ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கை நல்ல சுற்றறிக்கை. வங்கியின் தவறால் நம் அனுமதி இல்லாமல் பணம் போனால் நமக்கு நட்டமில்லை, மூன்றாம் தரப்பின் தவறால் போனாலும் 3 வேலை நாளுக்குள் புகார் செய்தால் நட்டமில்லை என்றது. ஆனால் நாம் ஓடிபியையோ பின் நம்பரையோ சொல்லிவிட்டால், புகார் செய்யும்வரை போன பணம் முழுதும் நம் நட்டம். ஏமாற்றப்பட்டு நாமே அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மோசடிக்காரர்கள் சுற்றறிக்கையைக் கவனமாகப் படித்தவர்களைப் போல, நம் கையாலேயே எல்லாவற்றையும் செய்யவைக்கும் வழிக்கு மாறிவிட்டார்கள்.

செய்து காட்டிய நாடுகள் இருக்கின்றன. பிரிட்டன் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து தாமே அனுப்பிய பணத்தையும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று விதித்தது. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்க வேண்டும். திருடனுக்குக் கணக்குத் திறந்துகொடுத்த வங்கியின் சட்டைப் பையிலும் கை வைத்த விதி அது. சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலி எஸ்எம்எஸ்களால் 790 வாடிக்கையாளர்கள் 1.37 கோடி வெள்ளியை இழந்தார்கள். வங்கி முழுத் தொகையையும் திருப்பித் தந்தது. வங்கிகள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் இணைப்பு இருக்கக் கூடாது, புதிய கைபேசியில் வங்கிச் செயலியை இயக்கினால் 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சில வாரங்களில் அங்கே விதிகள் வந்தன. 2025ல் வந்த சட்டம், ஏமாந்துகொண்டிருப்பவர் நம்ப மறுத்தாலும் அவர் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதைத் தற்காலிகமாக நிறுத்தச் சிங்கப்பூர் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது.

எதிர்வாதங்கள்

பணம் திரும்பக் கிடைக்கும் என்றால் மக்கள் அசட்டையாகிவிடுவார்கள் என்கிறார்கள். மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணத்தை, போனால் வங்கி தரும் என்று எண்ணி யாராவது அந்நியருக்கு அனுப்புவார்களா? அமெரிக்காவில் கிரெடிட் கார்டு திருட்டில் வாடிக்கையாளரின் பொறுப்பு 50 டாலருக்கு மேல் போகக் கூடாது என்ற சட்டம் அரை நூற்றாண்டாக இருக்கிறது. அதனால் அங்கே யாரும் கார்டைத் தெருவில் வீசிவிட்டுப் போகவில்லை. பொய்ப் புகார் கொடுப்பவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பிடிக்க விசாரணை இருக்கிறது. அதற்காக உண்மையாக இழந்தவர்களைக் கைவிட முடியாது.

வங்கிகள் தாங்காது, செலவை எல்லோர் தலையிலும் ஏற்றும் என்கிறார்கள். இப்போது அந்தச் செலவு இல்லாமலா போயிற்று? அந்த 22,845 கோடியையும் ஏமாந்த குடும்பங்கள் தாங்கின. அதில் சில குடும்பங்கள் உடைந்தன. கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களிடையே பரவினால் சிறு தொகை ஆகிவிடும் சுமையை, தற்செயலாக மாட்டிய ஒருவரின் முதுகில் மொத்தமாக வைப்பதுதான் தாங்க முடியாதது.

யுபிஐயின் வேகமே போய்விடும் என்பது மூன்றாவது வாதம். காய்கறிக் கடையில் 80 ரூபாய் அனுப்புவதை யாரும் தாமதப்படுத்தச் சொல்லவில்லை. முதல்முறையாக ஒரு புதிய கணக்குக்கு, அதுவும் லட்சக்கணக்கில் போகும் பணம் சில மணி நேரம் காத்திருந்தால் எந்த நியாயமான வியாபாரமும் கெடாது. 2024 நவம்பரில் ஹைதராபாத்தில் ஸ்டேட் பாங்க் கிளை ஒன்றுக்கு முதியவர் ஒருவர் 13 லட்சம் ரூபாய் வைப்புநிதியை உடைக்க வந்தார். அவரது பதற்றத்தைக் கவனித்த ஊழியர்கள் காரணம் கேட்டார்கள், குடும்பத்தினரை அழைத்து வரச் சொன்னார்கள், இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் பேச வைத்தார்கள். டிஜிட்டல் கைது என்பது தெரிந்தது; பணம் தப்பியது. கவுன்டரில் மனிதர் தந்த அந்தத் தடையைச் செயலியிலிருந்து எடுத்துவிட்டு, அதை முன்னேற்றம் என்று கொண்டாடினோம்.

அப்படியானால் விழிப்புணர்வே வேண்டாமா? வேண்டும். 1930 என்ற எண் எல்லோருக்கும் மனப்பாடமாக வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம். ஆனால் தெருவில் பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்து போட்டுவிட்டு, "பார்த்து நடங்கள்" என்று பலகை வைப்பதோடு மாநகராட்சியின் வேலை முடிந்துவிடாது. விழுந்தவரைப் பார்த்து "கண்ணு தெரியலையா" என்று கேட்கும் ஊரில் மூடி என்றைக்கும் போடப்படாது.

ஏமாந்தவரை ஏளனம் செய்வதற்கு இன்னொரு விலையும் இருக்கிறது. வெட்கம் வாயை அடைக்கிறது. பிள்ளைகள் திட்டுவார்கள், அண்டை வீட்டார் சிரிப்பார்கள் என்று அஞ்சிப் பலர் நாள்கணக்கில் சொல்லாமல் புழுங்குகிறார்கள். பணத்தை மீட்கக்கூடிய நேரம் முழுவதும் அந்த மௌனத்தில் கரைகிறது. மோசடிக்காரர் "யாரிடமும் சொல்லாதே" என்று மிரட்டிய வேலையை, அவர் அழைப்பைத் துண்டித்த பிறகு நம் ஏளனம் தொடர்கிறது.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். ஏமாற்றி அனுப்பவைத்த பணத்துக்கும் இழப்பீடு தரும் சட்டம் வேண்டும். அதில் பாதியை வாடகைக் கணக்கு இருந்த வங்கி கொடுக்க வேண்டும். போலிச் சிம்மை விற்ற தொலைபேசி நிறுவனமும் மோசடி விளம்பரத்துக்குக் காசு வாங்கிய சமூக ஊடக நிறுவனமும் பங்கு போட வேண்டும். முதல்முறை அனுப்பும் பெரிய தொகைக்குக் காத்திருப்பு நேரமும், முதியவர்கள் விரும்பினால் நம்பிக்கையான ஒருவருக்கு உடனே தகவல் போகும் ஏற்பாடும் வேண்டும். எந்த வங்கியில் எத்தனை வாடகைக் கணக்குகள் பிடிபட்டன என்ற பட்டியல் ஆண்டுதோறும் பெயரோடு வெளிவர வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. நட்டம் தங்கள் ஏட்டில் ஏறும் என்ற நிலை வந்தால் வங்கிகளே செய்துவிடும்.

அதுவரை, அடுத்த செய்தி வரும்போது "எப்படி ஏமாந்தார்?" என்று கேட்பதை நிறுத்துவோம். பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது, அதைத் திறந்துகொடுத்தவர் யார், அந்த வங்கி இதுவரை எவ்வளவு திருப்பித் தந்திருக்கிறது என்று கேட்போம். சட்டமன்ற உறுப்பினரிடம், நாடாளுமன்ற உறுப்பினரிடம், வங்கி மேலாளரிடம் கேட்போம். விடை சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.